டெக்ஸஸின் பார்பரா ஜோர்டன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அதிபர் ஒருவரைப் பதவிநீக்கும் பேச்சு எழும்போதெல்லாம் 1974ஆம் ஆண்டுக் காணொளி ஒன்று மறுபடி வலம் வரும். கண்ணாடி அணிந்த கறுப்பினப் பெண் ஒருவர் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து, துளி அவசரம் இல்லாமல், நாட்டின் அரசமைப்புச் சட்டத்தை விளக்கிக்கொண்டிருப்பார். அவர் பார்பரா ஜோர்டன். அந்தப் பேச்சைத் தெரிந்த பலருக்கு, அதற்கு முன் அவர் டெக்ஸஸ் மாநில செனட்டில் உழைத்த ஆறு ஆண்டுகள் தெரியாது. அவருடைய அரசியலைப் புரிந்துகொள்ள அந்த ஆறு ஆண்டுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கீழே உள்ள பதில்களும் அந்தப் பக்கம் சற்றுக் கூடுதலாகவே சாயும்.

சுருக்கமாகச் சொன்னால், யார் இவர்?

1936 பிப்ரவரி 21 அன்று டெக்ஸஸின் ஹியூஸ்டன் நகரில் பிறந்தவர். வழக்கறிஞர். 1966இல் டெக்ஸஸ் மாநில செனட்டுக்குத் தேர்வானார். 1883க்குப் பிறகு அந்த அவைக்குள் நுழைந்த முதல் கறுப்பினத்தவர். கறுப்பினப் பெண்களில் அவருக்கு முன் யாருமே அங்கே உட்கார்ந்ததில்லை. 1973 முதல் 1979 வரை அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் அவையில் உறுப்பினர். பிறகு டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1996 ஜனவரி 17 அன்று, 60 வயது நிறைவதற்கு முன்பே காலமானார்.

பாப்டிஸ்ட் சபைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

அவர் பிறந்து வளர்ந்ததே சபைக்குள்தான். அப்பா பெஞ்சமின் ஜோர்டன் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே பாப்டிஸ்ட் போதகராக ஊழியம் செய்தவர், வீட்டில் கண்டிப்பானவர். அம்மா ஆர்லின் சபைக் கூட்டங்களில் எழுந்து பேசினால் எல்லோரும் காதுகொடுத்துக் கேட்பார்கள். மூன்று பெண் பிள்ளைகளில் பார்பரா கடைக்குட்டி. அக்காக்களோடு சேர்ந்து சபைகளில் பாடியிருக்கிறார். குடும்பம் போய்வந்தது ஹியூஸ்டனின் குட் ஹோப் மிஷனரி பாப்டிஸ்ட் சபைக்கு.

பாப்டிஸ்ட் மரபைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் அவர் அரசியல் இன்னும் நன்றாகப் புரியும். இந்தச் சபைகளில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விசுவாசத்தைத் தன் வாயால் அறிக்கையிடும் வயது வந்த பிறகு முழுக்கு ஞானஸ்நானம். அதாவது, நம்புவது அவரவர் பொறுப்பு, யாரும் யாருக்காகவும் நம்ப முடியாது. அடுத்தது, மேலே பிஷப் என்று ஒருவர் கிடையாது. ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும். போதகரை அழைப்பதிலிருந்து கட்டட நிதி வரை சபையார் கூடித்தான் முடிவெடுப்பார்கள். தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவரை வாக்குச்சாவடிப் பக்கமே அண்டவிடாத காலத்தில், தீர்மானம் முன்மொழிவது, கணக்குக் கேட்பது, கைதூக்கி வாக்களிப்பது எல்லாவற்றையும் அவர்கள் பழகிய இடம் சபைதான். நன்றாகப் பேசத் தெரியாத போதகர் அங்கே தாக்குப்பிடிக்க முடியாது. அந்தக் குரலும் உச்சரிப்பும் அவருக்கு எங்கிருந்து வந்தன என்று கேட்பவர்கள், விடையை முதலில் இங்கே தேட வேண்டும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. பாப்டிஸ்ட் என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் சபைகள் இரண்டாகப் பிரிந்துதான் கிடந்தன. தெற்கத்திய வெள்ளையர்களின் பாப்டிஸ்ட் பேரவை 1845இல் பிறந்ததே அடிமைமுறைத் தகராறில். அதற்காக அந்தப் பேரவை வெளிப்படையாக மன்னிப்புக் கேட்க 1995 ஆயிற்று. ஜோர்டன் வந்தது கறுப்பின மக்கள் தங்களுக்கென்று கட்டியெழுப்பிய சபைகளிலிருந்து.

அவர் வளர்ந்த ஐந்தாவது வார்டு எப்படிப்பட்ட இடம்?

ஹியூஸ்டனின் கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்பு. வசதி குறைவு, ஆனால் போராட்டம் தெரிந்த இடம். டெக்ஸஸில் அன்று கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஜனநாயகக் கட்சியின் உள்தேர்தலில் ஜெயித்தால் பதவி உறுதி. அந்த உள்தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்று கட்சி விதி வைத்திருந்தது. அந்த விதியை 1944இல் உச்ச நீதிமன்றத்தில் உடைத்த லோனி ஸ்மித், இதே ஐந்தாவது வார்டைச் சேர்ந்த பல் மருத்துவர். அப்போது பார்பராவுக்கு எட்டு வயது.

பழைய இரும்பும் துணியும் சேகரித்து விற்றுப் பிழைத்த தாத்தா ஜான் எட் பேட்டன், பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து வேதாகமத்தைச் சொல்லிக்கொடுத்தார். ஊர் போகிற போக்கில் போகாதே, உன் காலில் நில் என்பதே அவர் சொல்லித்தந்த பாடம். தன்மேல் அதிகம் தாக்கம் செலுத்தியவர்களில் ஒருவராக ஜோர்டன் கடைசிவரை அவரைச் சொல்லிவந்தார்.

அவர் எங்கே படித்தார்?

ஃபிலிஸ் வீட்லி உயர்நிலைப் பள்ளியில் 1952இல் படிப்பை முடித்தார். பள்ளிக்குப் பேச வந்த சிகாகோ வழக்கறிஞர் ஈடித் சாம்ப்ஸன் என்ற கறுப்பினப் பெண்ணைப் பார்த்த அன்றே, தானும் வழக்கறிஞராவது என்று முடிவெடுத்தார்.

கல்லூரி, ஹியூஸ்டனில் உள்ள டெக்ஸஸ் சதர்ன் பல்கலைக்கழகம். அது பிறந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஹீமன் ஸ்வெட் என்ற ஹியூஸ்டன் தபால்காரர் ஆஸ்டினில் உள்ள டெக்ஸஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் இடம் கேட்டார். கறுப்பினத்தவர் என்பதால் மறுத்தார்கள், வழக்குப் போட்டார். அவரை உள்ளே விடாமலிருப்பதற்காக மாநில அரசு 1947இல் கறுப்பினத்தவருக்கென்று தனிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் திறந்தது. அதுதான் இது. 1950இல் ஸ்வெட் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்துவிட்டார். பல்கலைக்கழகமும் நிலைத்து நின்றுவிட்டது.

அங்கே பார்பராவுக்கு வாய்த்த விவாதப் பயிற்சியாளர் தாமஸ் ஃப்ரீமன், இன்னொரு பாப்டிஸ்ட் போதகர். விவாத அணி காரில் ஊர் ஊராகப் போகும். வழியில் உணவகமும் கழிப்பறையும் கறுப்பினத்தவருக்குத் திறக்காது, கட்டுச்சோறுதான். அந்த அணி ஹார்வர்டு அணியோடு மோதிச் சமன் செய்தது.

1956இல் பட்டம். அடுத்து பாஸ்டன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி. அங்கேதான் அவருக்கு உறைத்தது: அவசர அவசரமாக எழுப்பிய ஒரு கறுப்பினப் பல்கலைக்கழகத்தின் மிகச் சிறந்த பயிற்சிகூட, வெள்ளைப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பயிற்சிக்கு ஈடில்லை. அறிவிலோ உழைப்பிலோ அவர் குறைந்தவர் இல்லை. மற்றவர்கள் சிறு வயதிலேயே படித்துவிட்டு வந்ததை அவர் இரவெல்லாம் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. 1959இல் சட்டப் பட்டம் பெற்று, ஓராண்டு அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீ கல்லூரியில் கற்பித்துவிட்டு ஊர் திரும்பினார். முதல் அலுவலகம், அப்பா அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசை.

அரசியலுக்கு எப்படி வந்தார்?

1960இல் கென்னடி–ஜான்ஸன் பிரசாரத்தில் தபால்தலை ஒட்டும் வேலைக்குப் போனார். ஒரு நாள் கறுப்பினச் சபை ஒன்றில் பேச வேண்டியவர் வரவில்லை. இவரை எழுப்பி விட்டார்கள். அதன்பிறகு யாரும் அவரைத் தபால்தலை ஒட்டச் சொல்லவில்லை. கறுப்பினப் பகுதிகளில் தெருவுக்கு ஒரு ஆள் என்று நியமித்து வாக்காளரைத் திரட்டும் ஏற்பாட்டையும் அவர் முன்னின்று நடத்தினார்.

1962, 1964 இரண்டிலும் தோற்றவர் 1966இல் எப்படி ஜெயித்தார்?

அதே ஆள், அதே பேச்சு. மாறியது தேர்தல் ஏற்பாடு. அவருடைய வாழ்க்கையில் நான் மிக முக்கியமாகக் கருதும் கேள்வி இது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் இரண்டு முறையும் அவர் போட்டியிட்டது மாநிலப் பிரதிநிதிகள் அவைக்கு. ஹியூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) முழுவதும் ஒரே தொகுதி மாதிரி வாக்களித்தது. ஐந்தாவது வார்டு மொத்தமும் அவருக்குக் குத்தினாலும், கவுண்டியின் வெள்ளை வாக்குகளில் அது கரைந்துவிடும். செனட்டிலோ நிலைமை இன்னும் மோசம். எத்தனை பெரிய கவுண்டியாக இருந்தாலும் ஒரு செனட்டருக்கு மேல் கிடையாது என்பது டெக்ஸஸ் அரசமைப்பு விதி. 12 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த ஹாரிஸ் கவுண்டிக்கும் ஒருவர்தான். மாடுகள் மேயும் மேற்கு டெக்ஸஸின் வெற்று வெளிகளுக்குக் குரல் அதிகம், நகரத் தெருக்களுக்குக் குறைவு.

1964இல் உச்ச நீதிமன்றம் மாநில அவைகளின் தொகுதிகள் மக்கள்தொகைப்படிதான் இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. டெக்ஸஸ் தொகுதிகளைத் திருப்பி வரைய நேர்ந்தது. ஹியூஸ்டனில் உருவான 11வது செனட் தொகுதிக்குள் ஜோர்டனுக்கு ஏற்கெனவே ஆதரவளித்த பகுதிகள் பல வந்து சேர்ந்தன. வாக்களிப்பில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் வாக்குரிமைச் சட்டம் 1965இல் வந்தது. வாக்களிக்க முன்கூட்டியே வரி கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு, 1902 முதல் ஏழைகளை வடிகட்டிவந்தது. அதுவும் 1966இல் நீதிமன்றத்தில் விழுந்தது.

அந்த ஆண்டு உள்தேர்தலில் எதிராளி வெள்ளையர், சட்டமன்ற அனுபவம் உள்ளவர். ஒரு வெள்ளையர் ஜெயிக்க முடியுமா என்று கேட்டு அவர் தரப்பு பிரசாரம் செய்தது. 'முடியாது, இந்த முறை முடியாது' என்று ஜோர்டன் பதில் சொன்னார். ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஜெயித்தார்.

மாநில செனட்டில் என்னதான் செய்தார்?

1967 ஜனவரியில் பதவியேற்ற அன்று மாடம் நிறைய ஹியூஸ்டன் மக்கள். அவர் உள்ளே வந்ததும் ஆரவாரம் எழுந்தது. பார்வையாளர்கள் சத்தம் போடக் கூடாது என்பது அவை விதி. அவர் மேலே நிமிர்ந்து பார்த்து உதட்டில் விரலை வைத்தார், மாடம் அடங்கியது. உறுப்பினர்கள் 31 பேர். மற்ற 30 பேரும் ஆண்கள், அவர்களில் கறுப்பினத்தவர் யாரும் இல்லை. அவர்களில் சிலர் இன ஒதுக்கலை வெளிப்படையாக ஆதரித்தவர்கள்.

விதிப் புத்தகத்தை மனப்பாடமாகத் தெரிந்துகொள்வது, ஒவ்வொருவருக்கும் என்ன தேவை என்று கவனிப்பது, தேவையில்லாமல் எழுந்து பேசாமலிருப்பது, இந்த மூன்றும் அவர் வழி. அந்த அவையில் ஒரு மசோதாவை வரிசை முந்தி விவாதத்துக்கு எடுக்க மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் வேண்டும் என்பது நடைமுறை. அப்படியானால் 11 பேர் ஒட்டி நின்றால் எந்த மசோதாவையும் அசையவிடாமல் நிறுத்தலாம். முதல் கூட்டத்தொடரிலேயே வாக்காளர் பதிவை இறுக்கும் மசோதா ஒன்று வந்தது. கறுப்பினத்தவரும் மெக்ஸிகோ வம்சாவளியினரும்தான் அதில் அடிபடுவார்கள். ஜோர்டன் மேடை முழக்கம் எதுவும் போடவில்லை. ஒவ்வொரு உறுப்பினராகப் போய்ப் பேசிப் பத்துப் பேரின் வாக்குறுதியைச் சேர்த்துக்கொண்டார், தன்னோடு பதினொன்று. மசோதா அங்கேயே செத்தது. அவை நடவடிக்கைக் குறிப்பில் இதற்கு ஒரு பேச்சுகூட இருக்காது. ஆனால் வாக்குச்சாவடிக்குப் போன எத்தனையோ ஏழைகளுக்கு அன்று கதவு மூடாமல் இருந்தது இப்படித்தான்.

டெக்ஸஸின் முதல் மாநிலக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்துக்கு அவர் பாடுபட்டார். கூட்டாட்சிச் சட்டம் எட்டாத பண்ணைத் தொழிலாளர், சலவைத் தொழிலாளர் போன்றோருக்கு அது எட்டியது. வேலையிடத்தில் காயம்பட்டவர்களுக்கான இழப்பீட்டை உயர்த்துவதிலும், வேலைவாய்ப்பில் பாகுபாட்டை விசாரிக்கும் ஆணையம் அமைப்பதிலும் அவர் பங்கு பெரிது. சிறுமியாக அவர் பார்த்த ஐந்தாவது வார்டுப் பெண்களில் பலர் வீட்டு வேலையும் சலவை வேலையும் செய்தவர்கள். அவர் யாருக்காகச் சட்டம் எழுதினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஒரு நாள் ஆளுநராக இருந்தாராமே?

ஆமாம், 1972 ஜூன் 10 அன்று. அமெரிக்க மாநில ஆளுநர், நம் முதலமைச்சரைப் போல நிர்வாகத்தை நடத்துபவர். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர். ஆளுநரும் துணை ஆளுநரும் மாநிலத்துக்கு வெளியே போனால் செனட்டின் தற்காலிகத் தலைவர் பொறுப்பேற்பார். அந்த ஆண்டு மார்ச் மாதம் செனட் அவரை அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுத்திருந்தது. மரபுப்படி மற்ற இருவரும் வேண்டுமென்றே ஊரை விட்டுப் போய் அவருக்கு ஒரு நாள் விட்டுக்கொடுத்தார்கள். சடங்குதான். ஆனாலும் அமெரிக்க மாநிலம் ஒன்றின் ஆளுநர் பொறுப்பில் ஒரு கறுப்பினப் பெண் இருந்தது அதுவே முதல் முறை.

விழாவைப் பார்க்க அப்பா பெஞ்சமின் வந்திருந்தார். அன்றே அவருக்குப் பக்கவாதம் தாக்கியது. மறுநாள் இறந்தார்.

1974 பேச்சு ஏன் அவ்வளவு பெரிதாகப் பேசப்படுகிறது?

1972 நவம்பரில் ஹியூஸ்டனின் 18வது தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். ஜார்ஜியாவின் ஆண்ட்ரூ யங்கும் அவரும்தான் 1901க்குப் பிறகு தெற்கிலிருந்து போன முதல் கறுப்பின உறுப்பினர்கள். எந்தக் குழுவில் சேரலாம் என்று முன்னாள் அதிபர் லிண்டன் ஜான்ஸனிடம் யோசனை கேட்டார். அவர் கைகாட்டியது நீதித்துறைக் குழுவை. சில வாரங்களில் ஜான்ஸன் இறந்துவிட்டார். அடுத்த ஆண்டே வாட்டர்கேட் விவகாரம் அந்தக் குழுவின் மேசைக்கு வந்தது: எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் புகுந்ததை அதிபர் ரிச்சர்ட் நிக்ஸன் மூடிமறைக்கப் பார்த்தார் என்ற குற்றச்சாட்டு.

1974 ஜூலை 25 இரவு, தொலைக்காட்சி நேரலையில், கால் மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் பேசினார். அரசமைப்புச் சட்டம் 'நாம், மக்கள்' என்று தொடங்குகிறது. 1787 செப்டம்பர் 17 அன்று அது எழுதி முடிக்கப்பட்டபோது அந்த மக்களில் தான் இல்லை. வாஷிங்டனும் ஹாமில்டனும் ஏதோ தவறுதலாகத் தன்னை விட்டுவிட்டார்கள் போலும் என்று பல காலம் நினைத்ததுண்டு. திருத்தங்களாலும் தீர்ப்புகளாலும் இப்போது தானும் அந்த மக்களில் ஒருத்தி. இப்படித் தொடங்கிவிட்டு, அந்தச் சட்டத்தின்மேல் தனக்கு உள்ள நம்பிக்கை முழுமையானது, அதைச் சிதைப்பதைக் கைகட்டி வேடிக்கை பார்க்க மாட்டேன் என்றார்.

பிறகு அவர் செய்ததுதான் அழகு. நிக்ஸனை ஒரு வார்த்தை திட்டவில்லை. பதவிநீக்கம் எதற்காக வைக்கப்பட்டது என்று அரசமைப்பை ஆக்கியவர்கள் சொன்னதை ஒரு பக்கமும், அதிபர் செய்ததை மறுபக்கமும் வைத்துக்கொண்டே போனார். போதகர் வசனத்தை வாசித்து, உடனே வாழ்க்கையோடு பொருத்திக் காட்டுவாரே, அதே முறை. ஆனால் வேதவசனம் ஒன்றுகூட அதில் இல்லை. கைப்பையில் எப்போதும் அரசமைப்புச் சட்டத்தின் சிறு பிரதி ஒன்றை வைத்திருந்தவர் அவர். அன்று அவர் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்ட வசனம் அதுதான்.

சில நாட்களில் குழு மூன்று குற்றச்சாட்டுகளை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 9 அன்று நிக்ஸன் விலகினார். அரசமைப்பை எங்களுக்கு விளக்கியதற்கு நன்றி என்று ஹியூஸ்டனில் விளம்பரப் பலகைகள் எழுந்தன.

நாடாளுமன்றத்தில் அவர் நிறைவேற்றிய சட்டம் எது?

முதலில் சொல்ல வேண்டியது 1975 வாக்குரிமைச் சட்ட நீட்டிப்பு. 1965 சட்டத்தின் கடுமையான பிரிவுகள் டெக்ஸஸுக்குப் பொருந்தாமல் இருந்தன. ஸ்பானிய மொழி பேசுவோர் உள்ளிட்ட மொழிச் சிறுபான்மையினரையும் சேர்த்து அந்தச் சட்டத்தை விரிக்க அவர் போராடினார். சொந்த மாநிலத் தலைவர்களே எதிர்த்தார்கள். சட்டம் நிறைவேறியது. தேர்தல் விதியை மாற்றுமுன் மத்திய அரசின் ஒப்புதல் பெற வேண்டிய மாநிலங்களில் டெக்ஸஸும் சேர்ந்தது. அந்த ஒப்புதல் ஏற்பாட்டை 2013இல் உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்துவிட்டது. மொழிப் பிரிவு மட்டும் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஹியூஸ்டனில் ஸ்பானியம், வியட்நாமியம், சீனம் ஆகியவற்றிலும், நியூயார்க்கின் குவீன்ஸில் வங்காளத்திலும் வாக்குச்சீட்டு கிடைப்பது அந்த 1975 சட்டத்தால்.

1976 மாநாட்டுப் பேச்சு?

ஜூலை 12, நியூயார்க், ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு. அங்கே முதன்மை உரை ஆற்றிய முதல் கறுப்பினப் பெண். பார்பரா ஜோர்டன் ஆகிய நான் இங்கே முதன்மை உரை ஆற்றுகிறேன், இன்றைய இரவின் சிறப்பே அதுதான் என்று தொடங்கியதும் அரங்கம் அதிர்ந்தது. அடிமையாக இருக்க விரும்பாதது போலவே எஜமானனாக இருக்கவும் விரும்பவில்லை என்ற லிங்கனின் வாக்கோடு முடித்தார். துணை அதிபர் வேட்பாளராகவும் அந்த ஆண்டு அவர் பெயர் அடிபட்டது.

அவர்மேல் விமர்சனமே இல்லையா?

உண்டு, அதுவும் சொந்த மக்களிடமிருந்தே. தெருப் போராட்டங்களில் அவர் இறங்கியதில்லை. அதிகாரத்தில் இருந்தவர்களோடு மிகவும் இணக்கமாகப் போகிறார் என்றார்கள். 1971 தொகுதி மறுவரையறையின்போது அவர் அந்தச் செனட் குழுவின் துணைத் தலைவர். ஜோர்டனுக்கு ஒரு நாடாளுமன்றத் தொகுதி அமைந்தது, அவர் விட்டுப்போன செனட் தொகுதியில் கறுப்பின வாக்குகள் சிதறின என்று கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர் கர்டிஸ் கிரேவ்ஸ் நேரடியாகக் குற்றம்சாட்டி, 1972 உள்தேர்தலில் அவரை எதிர்த்தே நின்றார். தோற்றார், ஆனாலும் கேள்வி நியாயமானது. தொகுதி வரைபடத்தால் உயர்ந்தவர் அந்த வரைபடத்தில் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன்.

1975இல், லஞ்ச வழக்கில் சிக்கிய முன்னாள் ஆளுநர் ஜான் கானலிக்கு நன்னடத்தைச் சாட்சி சொல்லப் போனார். கானலி மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கத்தோடு ஒத்துப்போகாதவர் என்பதால் பலருக்கு இது கசந்தது. கானலி விடுதலையானார். ஜோர்டன் தன் செயலுக்கு வருந்தியவர் இல்லை. அறைக்குள் உட்கார்ந்து காரியம் சாதிப்பவர்களுக்கு அந்த அறையில் உள்ளவர்களோடு உறவும் கடனும் சேர்ந்துவிடும். அவர் சாதித்ததும் இதனால்தான், சறுக்கியதும் இதனால்தான்.

உச்சத்தில் இருந்தபோது ஏன் விலகினார்?

1973இலேயே நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் அவருக்கு உறுதியாகியிருந்தது. 1974 பேச்சின்போது அது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. மூன்று தவணை முடிந்ததும் 1979இல் வெளியேறி, ஆஸ்டினில் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தின் லிண்டன் ஜான்ஸன் பொதுவிவகாரப் பள்ளியில் பேராசிரியரானார். பொதுவாழ்வில் நெறி என்பதே அவர் கற்பித்த பாடம். இடம் கேட்ட மாணவர் கூட்டம் அதிகமானதால் குலுக்கல் போட்டுத்தான் சேர்த்தார்கள். அவர் பள்ளியில் படித்த காலத்தில் கறுப்பினப் பிள்ளைகளை இளங்கலை வகுப்புக்குச் சேர்க்காமல் வைத்திருந்தது இதே பல்கலைக்கழகம்.

தன் தனி வாழ்க்கையைப் பற்றி அவர் பொதுவெளியில் பேசியதில்லை. நண்பர்களோடு கிடார் வாசித்துப் பாடுவார் என்பது தெரியும். சக்கர நாற்காலிக்கு வந்த பிறகும் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியின் ஆட்டங்களுக்குத் தவறாமல் போய் மைதான ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார். 1991 முதல் ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸின் நெறி ஆலோசகர். 1992 மாநாட்டில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே மறுபடி முதன்மை உரை ஆற்றினார்.

குடியேற்ற விஷயத்தில் அவர் பெயர் ஏன் அடிபடுகிறது? தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் என்ன?

அதிபர் கிளின்டன் அவரைக் குடியேற்றச் சீர்திருத்த ஆணையத்தின் தலைவராக்கினார். ஆணையம் 1995இல் தந்த பரிந்துரை: சட்டபூர்வக் குடியேற்றம் ஆண்டுக்கு 5,50,000 பேர் என்று நிற்க வேண்டும், கணவன், மனைவி, சிறு பிள்ளைகளுக்கு முதலிடம், உடன்பிறந்தோர், வயதுவந்த பிள்ளைகளுக்கான விசா வகைகளை எடுத்துவிட வேண்டும். குடியுரிமை பெற்ற அக்கா மனுப்போட்டுத் தம்பிக்குக் கிரீன் கார்டு வாங்கித் தரும் வழி அதோடு அடைபட்டிருக்கும். நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த நான்காம் முன்னுரிமை வகை ஆண்டுக்கு 65,000 என்ற வரம்போடு இன்றும் இருக்கிறது; இந்தியாவில் பிறந்தவர்கள் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கிறார்கள். மனுப்போட்ட காலத்தில் பள்ளிக்கூடம் போன பிள்ளை, முறை வரும்போது 21 வயதைத் தாண்டிப் பட்டியலிலிருந்து விழுவதைப் பார்த்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. இவ்வளவு நீண்ட வரிசை வெறும் பொய் வாக்குறுதி என்பது ஆணையத்தின் வாதம். அந்தக் கவலை சரி. வழியையே மூடுவது தீர்வு என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

உள்ளே வர வேண்டியவர் வரட்டும், வரக் கூடாதவர் நிற்கட்டும், இருக்கக் கூடாதவர் போகட்டும் என்ற பொருளில் அவர் சொன்ன வாசகத்தைக் குடியேற்றத்தை எதிர்ப்பவர்கள் இன்றும் கொடியாகத் தூக்குகிறார்கள். அதே ஜோர்டன், குடியேறியவர்கள்மேல் பகைமை காட்டுவது நாட்டின் மரபுக்கே விரோதம் என்றும் சொன்னார். அமெரிக்க மண்ணில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புக் குடியுரிமையை மறுக்கும் முயற்சி வந்தபோது, 1995 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு முன் போய் அதை எதிர்த்துச் சாட்சியம் அளித்தார். இறப்பதற்குச் சில வாரங்களே இருந்தன. ஒரு கூற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விடுபவர்கள் அவரை நேர்மையாக மேற்கோள் காட்டவில்லை.

அவர் நினைவாக என்ன இருக்கிறது?

இறுதி ஆராதனை அவர் வளர்ந்த குட் ஹோப் சபையில் நடந்தது. கிளின்டன் வந்து பேசினார். டெக்ஸஸ் மாநிலக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்ட முதல் கறுப்பினத்தவர் அவர். 1994இல் அதிபரின் சுதந்திரப் பதக்கம் பெற்றிருந்தார். 2011இல் தபால்தலை வந்தது. ஆஸ்டின் விமான நிலையத்தின் பயணியர் முனையத்துக்கு அவர் பெயர். உள்ளே சிலையும் உண்டு. வேலைக்காக ஆஸ்டினுக்குப் போய்வரும் நம்மவர்கள் பலர் அதைக் கடந்துதான் வெளியே வருகிறார்கள்.

எதிலிருந்து தொடங்கலாம்?

1974 பேச்சின் ஒலிப்பதிவைக் கேளுங்கள், எழுத்தில் வாசிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அவர் எங்கே நிறுத்துகிறார் என்பதைக் கவனியுங்கள். அடுத்து 1976. ஆழமாகப் போக நினைப்பவர்கள், குறிப்பாக மாணவர்கள், 1967 முதல் 1972 வரையிலான டெக்ஸஸ் செனட் நடவடிக்கைகளுக்குப் போக வேண்டும். அவருடைய தனி ஆவணங்கள் டெக்ஸஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் காக்கப்படுகின்றன. தமிழில் அவருடைய மாநில செனட் ஆண்டுகளைப் பற்றி விரிவாக எழுத யாராவது முன்வந்தால், அந்த ஆவணங்களில்தான் தொடங்க வேண்டியிருக்கும்.